நிறம் மாறும் புழுவும் நிறம் மாறாப் பூச்சியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

அந்துப்பூச்சி என்றதும் பெட்டியிலுள்ள துணியையும் குதிரிலுள்ள நெல்லையும் பாழாக்கும் பூச்சிகளே நம் நினைவுக்கு வரும். ஆனால் பரிணாமப் பாடத்தில் நிலையான இடம்பெற்ற அந்துப்பூச்சி ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் மரங்கள் நிறைந்த இடங்களில் வாழும் 'பிஸ்டன் பெட்டுலேரியா' என்பதே அது. 'புகை பட்டதால் இப்பூச்சி கறுத்துவிட்டது' என மாணவர் பலர் தேர்வில் எழுதுவதுண்டு. அது சரியா? இப்பூச்சியின் வாழ்க்கையை முழுமையாக அறிந்தால் விடை விளங்கும்.

தோற்றம்

இறக்கைகளை விரித்தால் இதன் அகலம் ஏறத்தாழ 5 செ.மீ. இருக்கும். வெண்ணிற இறக்கைகளில் மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள் காணப்படும். ஆணின் உணர்கொம்புகள் இறகு போன்றவை. பெண்ணின் உணர்கொம்புகள் நூல் போன்றவை. பெண்ணின் உடல் சற்றுப் பருத்தது. இரவில் பறக்கும் இப்பூச்சி, பகலில் மரத்தோடு ஒட்டி அசையாதிருக்கும். லைக்கன் படர்ந்த பட்டையில் இதனைக் கண்டுபிடிப்பது அரிது. இதே இனத்தில் முழுதும் கரிய வகையும் உண்டு. அதற்குக் 'கார்பனேரியா' என்று பெயர்.

வாழ்க்கை வட்டம்

ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். கோடையில் பெண் பூச்சி, மரப்பட்டை இடுக்குகளில் சிறு முட்டைகளை இடுகிறது. ஒரு பூச்சி 2,000 முட்டைகள் வரை இடக்கூடும். பொரித்து வரும் புழுக்கள் மெல்லிய இழை விட்டுக் காற்றில் மிதந்து பரவுகின்றன. பிர்ச், வில்லோ, ஓக் முதலிய மரங்களின் இலைகளே இவற்றின் உணவு. நம் வயல்களில் காணும் காவடிப் புழுவைப்போல் உடலை வளைத்து வளைத்து நடக்கும். இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிப் பனிக்காலத்தைக் கழிக்கும். மறு ஆண்டு மே மாதம் முதல் பூச்சிகள் வெளிவரும்.

புழுவின் திறன்

இப்புழு அசையாது நிற்கையில் சிறு குச்சியைப் போலவே தோன்றும். பச்சைக் குச்சியில் வளர்ந்தால் பச்சையாகவும், பழுப்புக் குச்சியில் வளர்ந்தால் பழுப்பாகவும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும். 2019இல் வெளியான ஆய்வொன்றில், புழுக்களின் கண்களைக் கறுப்புச் சாயத்தால் மறைத்துப் பார்த்தனர். அப்போதும் அவை குச்சியின் நிறத்தையே அடைந்தன. தோலாலும் நிறத்தை அறியும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

பூச்சி மாறுவதில்லை

ஆனால் பூச்சியின் கதை வேறு. இறக்கையின் கருமை பெற்றோரிடமிருந்து வரும் ஓங்கு பண்பு. வெளிவந்த பூச்சி எத்தனைப் புகையில் வாழ்ந்தாலும் வெள்ளை கறுப்பாகாது. பின் மான்செஸ்டரில் நடந்தது என்ன? அங்கே 1848இல் கரிய பூச்சி அரிய காட்சி. 1895இல் நூற்றுக்கு 98 பூச்சிகள் கரியவை! ஆலைப்புகையால் லைக்கன்கள் அழிந்து, பட்டைகளில் கரி படிந்தது. வெள்ளைப் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் எளிதில் பட்டு இரையாயின. கரியவை தப்பிப் பெருகின. ஆக, மாறியது தனிப் பூச்சியன்று. தலைமுறைதோறும் கூட்டத்தில் இருந்த விகிதமே மாறிற்று. 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறைந்தபின் கரிய பூச்சிகள் மீண்டும் அரிதாயின.

ஐயமும் தெளிவும்

1953இல் பர்மிங்ஹாம் அருகிலும், 1955இல் டார்செட்டிலும் கெட்டில்வெல் என்பார் இரு வகைப் பூச்சிகளையும் அடையாளமிட்டு விட்டு, மீண்டும் பிடித்து எண்ணினார். புகை மண்டிய காட்டில் கரியவையும், தூய காட்டில் வெள்ளையும் மிகுதியாக அகப்பட்டன. எனினும், பூச்சிகள் இயல்பாகத் தங்காத இடத்தில் அவற்றை வைத்தார் என்ற குறை எழுந்தது. மைக்கேல் மஜெரஸ் என்ற பேராசிரியர் 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளைக் கொண்டு ஆய்வை மீண்டும் நடத்தினார். இயற்கையாகத் தங்கிய பூச்சிகளில் ஏறத்தாழப் பாதி, பக்கக் கிளைகளில் இருந்ததையும் கண்டார். தூய்மையான அச்சூழலில் பறவைகள் கரிய பூச்சிகளையே அதிக விகிதத்தில் உண்டன. 2009இல் அவர் மறைந்தார். அவருடைய முடிவுகளை 2012இல் பிற அறிஞர்கள் வெளியிட்டனர். 2016இல் கருமைக்குக் காரணமான மரபணு மாற்றமும் கண்டறியப்பட்டது.

முடிவுரை

தன் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்வது புழு. பிறந்த நிறத்தோடு வாழ்ந்து மடிவது பூச்சி. முன்னது ஓர் உயிரின் தகவமைப்பு; பின்னது இயற்கைத் தேர்வு. ஒரே உயிரினத்தில் இரண்டும் அருகருகே இருப்பதால் இப்பூச்சி மாணவர்க்கு நல்லாசிரியன் எனலாம். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பரிணாமப் பாடம் எளிதாகும். சொன்னதை மீண்டும் சோதித்துப் பார்க்கத் தயங்காததே அறிவியலின் பெருமை என்பதும் நாம் கற்கத்தக்க பாடமாகும்.