ஸ்கூட்டரின் முன் மட்கார்டை வீட்டிலேயே மாற்றுதல்

நூல் மூட்டையும் காய்கறிக் கூடையும் சுமக்கும் ஸ்கூட்டரில் முன் மட்கார்டு விரிசல் காண்பது அடிக்கடி நேர்வது. உடைந்த துண்டு சக்கரத்தில் சிக்கினால் வண்டி கவிழக்கூடும். ஆதலின் கம்பி கட்டி ஓட்டுவது தகாது.

அங்கத்தினர்கள் முதலில் வண்டியின் வகையைக் காண வேண்டும். பழைய வெஸ்பா, சேத்தக் வண்டிகளில் மட்கார்டு ஸ்டீயரிங் தண்டோடு கோக்கப்பட்டிருப்பதால் போர்க் முழுவதையும் இறக்க நேரும். அது பட்டறை வேலை. இரு போர்க் கால்களிலும் போல்ட்டால் பொருத்தப்பட்ட வகையே வீட்டில் செய்ய ஏற்றது.

வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துக. போல்ட்டுகளைக் கழற்றுமுன், பிரேக் கேபிளோ எண்ணெய்க் குழாயோ எவ்வழியே செல்கிறது என்பதை நன்கு மனத்திற்கொள்க. குழாயின் இணைப்பைத் திறத்தல் கூடாது. பழைய மட்கார்டின் துளைகளில் சிறு உலோக வளையங்கள் இருப்பின் அவற்றைப் புதியதற்கு மாற்றுக. அவை இல்லாவிடில் போல்ட் இறுகும்போது பிளாஸ்டிக் நசுங்கிப் பிளக்கும். இதை மறந்து ஒரு புது மட்கார்டைப் பாழாக்கிய அனுபவம் எமக்கும் உண்டு. எல்லா போல்ட்டுகளையும் கையால் சில சுற்று ஏற்றிய பின்னரே ஸ்பானரால் மாறி மாறி இறுக்க வேண்டும். போர்க்கின் அடிப்பாகம் பெரும்பாலும் அலுமினியமாதலின், அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும்.

பின்பு ஒருவர் வண்டியின் பின்புறத்தை அழுத்த, மற்றவர் முன் சக்கரத்தைச் சுழற்றியும் கைப்பிடியை இருபுறமும் முழுக்கத் திருப்பியும் பார்த்தல் வேண்டும். டயரில் கேபிளோ குழாயோ உரசலாகாது. பிரேக்கைப் பிடித்துச் சோதித்த பின்னரே தெருவில் இறங்குக.