வெள்ளைக் காலுறை: தண்ணியும் தெரியணும், கறையும் தெரியணும்



இந்த இதழின் பாடம் ஒரு சின்னச் சாமானைப் பற்றியது. நாம் சொக்ஸ் என்று சொல்லும் காலுறைதான் அது. "இதுக்கெல்லாமா ஒரு பாடம்?" என்று சிரிக்க வேண்டாம். காலையில் ஏழு மணிக்கு லயத்தில் நடக்கிற சண்டை பாதி இதனால்தான். ஒரு சோடி காயவில்லை, மற்றச் சோடி மஞ்சளாய்ப் போச்சு, பிள்ளை "நான் போக மாட்டேன்" என்று இஸ்தோப்பிலே உட்கார்ந்து அழுகிறது. ஒரு நாள் பாடம் போய்விடுகிறது.

1993ஆம் ஆண்டிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்து வருகிறது. சில ஆண்டுகளில் அது வவுச்சராகவும் வந்தது. ஆனால் காலுறையை நாம்தான் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். வாங்கியது ஒரு தவணைகூடத் தாங்காமல் பட்டி தளர்ந்து, நிறம் மாறிப் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

பெரும்பாலும் காலுறையைக் கெடுப்பது பிள்ளையின் கால் அல்ல. நாம் துவைக்கிற விதம்தான். எந்தக் கறையைக் கண்டாலும் ஒரே வைத்தியம் செய்கிறோம்: சுடுதண்ணி, பிளீச், பிரஷ். இந்த மூன்றுமே சில கறைகளை இன்னும் இறுக்கிவிடும். ஆகவே முதலில் தண்ணியைத் தெரிந்துகொள்வோம். பிறகு கறையைத் தெரிந்துகொள்வோம்.

ஒரே சவர்க்காரம், இரண்டு தண்ணி

நம்ம தோட்டங்களிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் வேலைக்குப் போனவர்களும் மணமுடித்துப் போனவர்களும் உண்டு. லீவுக்கு வரும்போது அவர்கள் சொல்லும் குறை ஒன்று: "அங்க எவ்வளவு தேய்ச்சாலும் நுரையே வராது. வெள்ளையெல்லாம் சாம்பலாப் போகுது."

வல்வெட்டித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டின் வட கரையில், தொண்டைமானாறு செல்வச்சந்நிதி கோயிலுக்கும் பருத்தித்துறைக்கும் இடையே உள்ள கடலோர ஊர். அங்கேயும் பிள்ளைகள் நம்ம பிள்ளைகளைப் போலவே வெள்ளை உடுப்பில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. பெரும்பாலும் கிணற்றுத் தண்ணிதான். நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணி அந்தக் கல்லுக்குள் இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. அந்தக் கேத்தலின் உள்ளே பார்த்தால் வெள்ளையாய்க் கல் படிந்திருக்கும். இதைத்தான் கடினநீர் என்கிறோம். கடலுக்குக் கிட்ட உள்ள சில கிணறுகளில் உவரும் சேர்ந்துவிடும்.

கடினநீரில் சவர்க்காரம் போட்டால் அது முதலில் சுண்ணாம்போடு சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு கசடாக மாறுகிறது. அந்தக் கசடு துணியின் நூலுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைக் காலுறை சாம்பல் நிறமாவதும், காய்ந்த பிறகு விறைப்பாய் இருப்பதும் அதனால்தான். அழுக்குப் போகாதது பிள்ளையின் குற்றமுமல்ல, தாயின் சோம்பலுமல்ல.

அங்கே செய்ய வேண்டியது இது. பத்து லீற்றர் வாளித் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, கொஞ்ச நேரம் வைத்து, அதன் பிறகு சவர்க்காரம் போடலாம். கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத் தூள் கடினநீரில் நன்றாக வேலை செய்யும். மாரி காலத்தில் பிடித்த மழைத் தண்ணி இருந்தால் வெள்ளை உடுப்புக்கு அதைவிட நல்லது இல்லை. துவைப்பதைக் கிணற்றடியை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் துவாரமும் உண்டு; ஊற்றிய அழுக்குத் தண்ணி திரும்பவும் கிணற்றுக்கே போகலாம்.

நம்ம மலையில் கதை வேறு. பீலியில் விழுகிற தண்ணி பெரும்பாலும் மழைத் தண்ணியும் ஊற்றுத் தண்ணியும். சுண்ணாம்பு குறைவு. கொஞ்சம் சவர்க்காரத்துக்கே நுரை பொங்கும். ஆகவே சவர்க்காரத்தை அள்ளிப் பூசத் தேவையில்லை. அதிகம் பூசினால் அலசப் போதாமல் துணியிலேயே தங்கி, வெயில் படும்போது மஞ்சளாகும். நமக்குச் சிக்கல் தண்ணி அல்ல. செம்மண், அட்டை, தேயிலைக் கறை, காயாத ஈரம் இந்த நான்கும்தான்.

நான்கு கறை, நான்கு வழி

1. செம்மண். மலை மண்ணின் சிவப்புக்குக் காரணம் அதிலுள்ள இரும்பு. துணி ஈரமாயிருக்கும்போது தேய்த்தால் மண் நூலுக்குள் இறங்கும். முதலில் காயவிடுங்கள். காய்ந்ததும் உதறி, மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு பச்சைத்தண்ணியில் அலசி, அதன் பிறகே சவர்க்காரம். செம்மண்ணுக்குப் பிளீச் போடவே வேண்டாம். அது மண்ணின் நிறத்தைப் போக்காது, நூலைத்தான் அரிக்கும்.

2. அட்டைக்கடி இரத்தம். அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் தடுக்கிற ஒரு பொருளை விடுகிறது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் இரத்தம் கசிந்து காலுறை நனைந்துவிடுகிறது. சுடுதண்ணியில் போட்டால், முட்டை வெந்து இறுகுவது போல இரத்தமும் நூலில் இறுகிவிடும். பிறகு எடுப்பது கஷ்டம். பிள்ளை வீட்டுக்கு வந்தவுடனே பச்சைத்தண்ணியில் ஒரு பிடி உப்புப் போட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணியில் சவர்க்காரம் பூசிக் கையால் கசக்குங்கள். கடித்த இடத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சொறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தேயிலைக் கறை. கொழுந்தின் பாலும் குடிக்கிற தேத்தண்ணியும் ஒரே வகைக் கறைதான். இரும்புபட்டால் இது கறுத்துவிடும். கொழுந்து பறிக்கும் கை கறுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். தேத்தண்ணி கொட்டினால் உடனே பச்சைத்தண்ணியில் அலசுங்கள். பழைய கறையென்றால் சலவைத் தூள் கரைத்த வெதுவெதுப்பான தண்ணியில் ஓர் இரவு ஊற வையுங்கள்.

4. துருக் கறை. வெறும் கம்பியில் காயப்போட்டால் வருவது. அந்த இடத்தில் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி, வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். துருவுக்குப் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் நிலைத்துவிடும். கொடிக்கு நைலோன் கயிறு கட்டுங்கள்.

அன்றாடம் துவைக்கும் முறை

காலுறையை உட்புறம் வெளியே வரத் திருப்புங்கள். வியர்வையும் தோலின் அழுக்கும் உள்ளேதான் இருக்கின்றன. வெள்ளையை வெள்ளையோடு மட்டும் துவையுங்கள். பச்சைத்தண்ணியில் ஒரு தடவை அலசி, சவர்க்காரம் பூசி, இருபது அல்லது முப்பது நிமிடம் ஊற வையுங்கள். அந்த நேரத்தில் அடுப்பு வேலையைப் பார்க்கலாம். பிறகு குதிகாலையும் விரல் பகுதியையும் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக் கசக்குங்கள். கல்லில் அடிக்க வேண்டாம். பட்டியைப் பிடித்து முறுக்கவும் வேண்டாம். பட்டிக்குள் இருப்பது ரப்பர் போன்ற இழை. முறுக்கினாலும் சுட்டாலும் அறும். நுரை போகும்வரை இரண்டு மூன்று தண்ணி அலசுங்கள்.

நீலம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலம் அழுக்கை எடுக்காது. மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். சுத்தமாக அலசிய துணிக்கே போட வேண்டும். முதலில் தண்ணியில் நன்றாகக் கலக்கிய பிறகு துணியை விடுங்கள். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாய்ப் பிடிக்கும்.

பிளீச்: கவனம்

நைலோன் கலந்த காலுறையைக் குளோரின் பிளீச் மஞ்சளாக்கும். பட்டியையும் தளர்த்தும். நாம் வெள்ளையாக்கப் போட்ட மருந்தே மஞ்சளாக்குகிறது. பருத்திக் காலுறைக்கு மட்டும், போத்தலில் எழுதிய அளவுப்படி, எப்போதாவது ஒரு தடவை போடலாம். அப்போதும் பட்டி நனையாமல் பாதப் பகுதியை மட்டும் விடுங்கள்.

இதைவிட முக்கியமான இரண்டு விஷயம். பிளீச்சோடு தேசிக்காய், வினாகிரி, கக்கூஸ் கழுவும் அசிட் எதையும் சேர்க்கவே கூடாது. நெஞ்சை அடைக்கிற நச்சுப் புகை வரும். அடுத்தது, பிளீச்சைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வருகிற பிள்ளைக்கு அது தண்ணியாகத்தான் தெரியும்.

காய வைப்பது

மலையில் துவைப்பது சுலபம், காய வைப்பதுதான் கஷ்டம். அட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனியும். ஊவாப் பக்கம் ஆண்டுக் கடைசியில் மழை. அப்போது எல்லாரும் அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறோம். விறகுப் புகை காலுறையை மஞ்சளாக்கும், வாடையும் போகாது. நெருப்பில் விழுந்தால் ஆபத்து வேறு.

பதிலாக இப்படிச் செய்யுங்கள். துவைத்த காலுறையை ஒரு காய்ந்த துவாயின் மேல் விரித்து, துவாயைச் சுருட்டி அமுக்குங்கள். பாதித் தண்ணியைத் துவாய் இழுத்துவிடும். பிறகு காற்று வருகிற இஸ்தோப்பில், கூரைக்குக் கீழே கயிறு கட்டி, விரல் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பட்டி இழுபடாது. வெயில் வந்தால் பருத்திக் காலுறையை வெயிலில் போடுங்கள். வெயில் காசில்லாத வெளுப்பு. தேயிலைச் செடியின் மேல் மட்டும் விரிக்காதீர்கள். மருந்து அடித்திருக்கலாம்.

ஈரக் காலுறையோடு பிள்ளையை அனுப்பவே வேண்டாம். ஈரமும் சப்பாத்தும் சேர்ந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஒருவருக்குப் புண் இருந்தால் அவருடைய காலுறையைத் தனியாகத் துவையுங்கள். மற்றவர் போடக் கூடாது. குறைந்தது இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும்.

யார் துவைப்பது?

அம்மா காலையில் மலைக்குப் போய், பொழுது சாயும்போது கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறாள். அதன் பிறகு இருட்டில் பீலிக்குப் போய் நாலு பேருடைய காலுறையையும் கசக்க வேண்டுமா? பள்ளிவிட்டு வந்ததும் காலுறையைக் கழற்றி ஊறப்போடுவது எட்டு வயதுப் பிள்ளையால் முடியும். பத்து வயதில் தானே துவைக்கலாம். பெண்பிள்ளை மட்டுமல்ல, ஆண்பிள்ளையும். அப்பாவுக்கும் கை இருக்கிறது. குடிதண்ணி எடுக்கிற இடத்துக்கு மேலே துவைக்கக் கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் காலுறை வெளுக்கவில்லையா? இருக்கட்டும். அதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தாதீர்கள். போன பாடம் திரும்பி வராது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு தெளிந்த போத்தல் எடுங்கள். ஒன்றில் பீலித் தண்ணி, மற்றதில் உங்கள் பக்கத்தில் உள்ள வேறொரு ஊற்று அல்லது கிணற்றுத் தண்ணி. இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு, மூடி, இருபது தடவை குலுக்குங்கள். எதில் நுரை அதிகம் நிற்கிறதோ அந்தத் தண்ணியே வெள்ளை உடுப்புக்கு நல்லது.

கேள்விகள் (பிள்ளைகளோடு சேர்ந்து பதில் சொல்லுங்கள்)

1. வல்வெட்டித்துறைக் கிணற்றுத் தண்ணியில் சவர்க்காரம் ஏன் குறைவாக நுரைக்கிறது?
2. அட்டைக்கடி இரத்தத்துக்கு ஏன் சுடுதண்ணி கூடாது?
3. பிளீச்சோடு சேர்க்கக் கூடாத மூன்று பொருள்கள் எவை?
4. உங்கள் வீட்டில் இன்று காலுறை துவைத்தவர் யார்? நாளைக்கு யார்?