லௌடனில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியாவின் லௌடன் கவுன்டியில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடம், அடுத்து சொத்து வரி. வரிக்குப் பதில் சுலபம். 2025-இல் நூறு டாலர் மதிப்புக்கு 80.5 சென்ட். எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 6,440 டாலர். பக்கத்து ஃபேர்ஃபேக்ஸில் நூறுக்கு ஒரு டாலரையே தாண்டிவிட்டது.

இந்தச் சலுகைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். லௌடனின் ஆஷ்பர்னைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் பிரம்மாண்டமான பெட்டிக் கட்டடங்கள் டேட்டா சென்டர்கள். உள்ளே ஓடும் கணினிகளுக்கு அவற்றின் உரிமையாளர்கள் கட்டும் வரி கவுன்டி கஜானாவில் பெரும் பங்கு. அவர்களால் பள்ளியில் கூட்டம் இல்லை, சாலையில் நெரிசல் இல்லை. கவுன்டிக்கு இதைவிட நல்ல குடித்தனக்காரர் கிடைக்க மாட்டார். உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்தால்தான் சங்கடம்.

ஆகவே சமையலறை கிரானைட்டைப் பார்க்கும் நேரத்தில் பாதியைப் பின்புறத்துக் காலி மனைக்கு ஒதுக்குங்கள். "பின்னால் மரங்கள்தான், அமைதியான இடம்" என்பார் ஏஜென்ட். மரம் நிற்கும் நிலம் யாருடையது, எந்த ஜோனிங்கில் இருக்கிறது என்று கேளுங்கள். கவுன்டி வலைத்தள வரைபடத்தில் அது கிடைக்கும். நிலுவையிலுள்ள விண்ணப்பங்களையும் அங்கே தேடிப் பார்க்கலாம். 2025 மார்ச் வரை பல பகுதிகளில் டேட்டா சென்டர் கட்டப் பொது விசாரணையே தேவைப்படவில்லை. இப்போது கவுன்டியின் மேற்பார்வையாளர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கு முன்பே கட்டியதையும் அனுமதி வாங்கியதையும் இந்த மாற்றம் தடுக்காது. டேட்டா சென்டர்களுக்கான புதிய உயரழுத்த மின்கம்பிகள் எந்த வழியாகப் போகப்போகின்றன என்பதையும் விசாரியுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தடவை போய், கார் இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்முற்றத்துப் பக்கம் நின்று கேளுங்கள். குளிரூட்டும் விசிறிகளின் ரீங்காரம் பகல் சத்தத்தில் தெரியாது. டீசல் ஜெனரேட்டர்களையும் அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பார்கள். வீடு டல்லஸ் விமான நிலையத்தின் விமானப் பாதைக்குக் கீழே இருந்தால் அது தனித் தலைவலி.

பள்ளியை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 1990-இல் 86,000 பேர் இருந்த கவுன்டியில் 2020-இல் 4.2 லட்சம் பேர். புதுப் பள்ளி திறக்கும்போது எந்த வீடு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக் கோடு நகரும். வேலை வாஷிங்டனில் என்றால் 2022 நவம்பரில் ஆஷ்பர்ன் வரை நீண்ட சில்வர் லைன் மெட்ரோ இருக்கிறது. காரில் என்றால் கிரீன்வே தனியார் சுங்கச் சாலை, தினமும் போனால் பர்ஸ் தாங்காது. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஆவணக் கட்டு கைக்கு வந்ததும் உடனே படியுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், அதைப் பார்த்துப் பின்வாங்க மூன்று நாள்தான்.

மாதச் செலவுக் கணக்கை 80.5 சென்ட்டில் போடாதீர்கள். கணினிகள் பழசாக ஆக அவற்றின் வரியும் குறையும். அந்தப் பள்ளம் விழும் ஆண்டில் கவுன்டி வீட்டுக்காரர்களைத்தான் பார்க்கும். 2020-இல் விகிதம் 103.5 சென்ட். அதே எட்டு லட்சத்துக்கு 8,280 டாலர். அந்தத் தொகையையும் கட்ட முடியும் என்றால் விலை பேசுங்கள்.