டேப் பிடித்துக் கற்றது

பி.ஆர்க். சேரப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "சிவில் மாதிரிதானே?" இல்லை. இது ஐந்து வருடப் படிப்பு. நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முடித்த பிறகு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே கல்லூரி தேடுகிறவர்கள் முதலில் அந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வளாகத்தின் பளபளப்பை அப்புறம் பார்க்கலாம்.

படம் நன்றாக வரைவேன் என்ற தைரியத்தில் சேர்ந்தவன் நான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று.

முதல் செமஸ்டரில் எங்கள் ஓவிய ஆசிரியர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு, வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்கு, அழைத்துப் போனார். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நிறுத்தி, "சிலையை வரையாதீங்க. கைக்கும் காலுக்கும் நடுவுல தெரியிற காலி இடத்தை மட்டும் வரைங்க" என்றார். தூக்கிய காலுக்கும் ஊன்றிய காலுக்கும் நடுவே ஒரு வடிவம், குறுக்கே வீசிய கைக்குக் கீழே இன்னொன்று. மூன்று தாள் வீணாயிற்று. நான்காவதில் இடைவெளிகள் சரியாக விழுந்ததும், நான் ஒரு கோடுகூடப் போடாத அந்த உடம்பு தாளில் தானாக எழுந்து நின்றது. அன்றைக்கு என்ன கற்றேன் என்பது அடுத்த வருடம் பிளான் போடும்போதுதான் புரிந்தது. அதுவரை சுவரை வரைந்துவிட்டு மிச்சமாக விழுந்ததை அறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அருங்காட்சியகத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவின் உழைப்பாளர் சிலை. ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் 'லோட்' என்றால் மிரளும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலை ஆறு மணிக்குப் போய், அந்தச் சிலையை நாலு பக்கமும் சுற்றி வந்து வரையுங்கள். பாறையை நெம்பும் அந்த உடம்புகளில் பாரம் தோளில் ஏறி, முதுகில் ஓடி, ஊன்றிய பாதத்தில் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் என்னை மாற்றியது இரண்டாம் வருடக் கானாடுகாத்தான் பயணம். ஒரு செட்டிநாட்டு வீட்டை அளந்து வரைய வேண்டும். நாலு பேர் ஒரு குழு. இரண்டு பேர் டேப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றியிருந்த தூண்களை ஒவ்வோர் இடைவெளியாக அளந்து, எழுதி, கூட்டினோம். ராத்திரி ஷீட்டில் ஏற்றினால் ஒரு பக்கம் எதிர்ப் பக்கத்தைவிடப் பதினோரு சென்டிமீட்டர் நீளம். ஒவ்வொரு தடவை டேப்பை எடுத்து வைத்தபோதும் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று சேர்ந்த பிழை.

மறுநாள் காலையில் ஒரு மூலையில் பூஜ்யத்தை வைத்து டேப்பை ஒரே நீட்டாக இழுத்துப் பிடித்தோம். எடுக்காமலே ஒவ்வொரு தூணுக்கும் நேரே என்ன எண் வருகிறது என்று வரிசையாகப் படித்தோம். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. எதிரெதிர்ப் பக்கங்கள் இப்போது ஒத்துப்போயின. குறுக்களவு இரண்டும் சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணம் என்று அர்த்தம். இங்கே நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். திரும்ப அளந்தும் அதே நாலு. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் சொன்னேன். "கையால கட்டுனது தம்பி, நூல் பிடிச்ச மாதிரியா இருக்கும்?" என்றார். இருந்தது இருந்தபடியே வரைந்தோம்.

கிளம்பும்போது ஆச்சி வளவின் ஒரு மூலையைக் காட்டி, "இதைப் போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். கல் தரையில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற, தேய்ந்த ஒரு வட்டம். கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிகிறது. மழைத் தண்ணீர் மூலைகளில் கொட்டும். அங்கே அண்டா வைத்துப் பிடிப்பார்களாம். வருடக்கணக்காக அண்டாவின் அடி உராய்ந்த தடம் அது. மற்ற மூன்று மூலைகளிலும் இருந்தது. மூன்று நாள் அந்த வட்டங்களின் மேல் நின்றுதான் டேப் பிடித்திருக்கிறோம்! பையை இறக்கி வைத்துவிட்டு நாலையும் அளந்து சேர்த்தோம். அந்த வருடம் நான் போட்ட ஷீட்டுகளில் இன்றும் மதிப்பது அந்த நாலு வட்டங்களைத்தான்.

ஜூரி, அதாவது டிசைன் மதிப்பீடு, பற்றியும் சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் ஷீட்டை மாட்டிவிட்டு நிற்கும்போது காது பாதி அடைத்துப்போகும். மூன்றாம் வருடம் என் பள்ளிக்கூட டிசைனை ஒருவர் கிழித்துப் பேசினார். எனக்கு நினைவில் நின்றது "ஷீட்டே சரியில்லை" என்பது மட்டும். பக்கத்தில் நின்ற நண்பன் அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தான். மூன்று நாள் கழித்துப் படித்தேன். நடுவே ஒரு கேள்வி: "முப்பது குழந்தைகள் செருப்பை எங்கே விடும்?" என் பிளானில் அதற்கு இடமில்லை. வாசலையே மாற்றிப் போட்டேன். உங்கள் ஜூரிக்கு நண்பர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அவருடைய ஜூரிக்கு நீங்கள் எழுதுங்கள்.

ராத்திரி முழுக்க விழித்து வேலை செய்யும் 'நைட் அவுட்' அடிப்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு மாடலுக்கு சன் போர்டு வெட்டும்போது கட்டர் நழுவி, என் இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல். மாடல் வேலையைப் பகலில் வையுங்கள். ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு, ஒரே அழுத்தாக இல்லாமல் மெல்ல மூன்று இழுப்பு. செலவும் கூடும் படிப்பு இது. சீனியர்களிடம் டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர் கேட்டு வாங்கிக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். ஆட்டோகேட் எப்படியும் வந்துவிடும். ஆனால் திரையில் எவ்வளவு பெரிதாகவும் இழுத்துப் பார்க்கலாம் என்பதால் அளவு ஏமாற்றும். வாரம் ஒருமுறையாவது ஒன்றுக்கு ஐம்பது அளவில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.

இந்த வருடம் சேரப் போகிறவர்களே, வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து மீட்டர் டேப் ஒன்று வாங்கி உங்கள் வீட்டு அடுப்படியை அளந்து வரையுங்கள். மேடை உயரம், ஜன்னல் அகலம், கதவு திறக்கும் பக்கம் எல்லாம் போட்ட பிறகு, அங்கே தினமும் நின்று சமைக்கிறவரைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டி, என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள்.