கணக்கா, அன்பா?
ஒரு திரைப்படப் பாத்திரத்தின் உயிர்த்தியாகம் பற்றிய ஆய்வு



பிறரைக் காப்பதற்காகத் தன் உயிரைக் கொடுப்பவனை உலகம் போற்றுகிறது. ஆனால் அவன் எதற்காக அப்படிச் செய்தான், அவன் செய்தது சரியோ பிழையோ என்று விசாரிக்கத் தொடங்கினால் நம்மிடையே கருத்துகள் பலவாகப் பிரிகின்றன. இவ்விசாரணைக்கு நல்லதோர் உதாரணமாக 1982ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக் 2: கானின் கோபம்' என்னும் அமெரிக்க விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். நிக்கலஸ் மேயர் நெறிப்படுத்திய இப்படத்தில், ஸ்பொக் என்னும் விசித்திரமான பாத்திரம் எடுக்கும் முடிவு இன்றுவரை விவாதிக்கப்பட்டு வருகிறது. படத்தைப் பாராதவர்களும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம்.

1. கதைச் சுருக்கம்

ஸ்பொக் முழு மனிதன் அல்லன். அவன் தாய் பூமியைச் சேர்ந்த மனிதப் பெண். தந்தை வல்கன் என்னும் வேற்றுக் கிரகத்தவர். வல்கன் இனத்தவர் தம் உணர்ச்சிகளை அடக்கி, தர்க்க அறிவு ஒன்றையே வழிகாட்டியாகக் கொள்பவர்கள். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரிலேயே லெனாட் நிமோய் என்னும் நடிகர் இப்பாத்திரத்தை உலகப் புகழ்பெறச் செய்திருந்தார். சிரிக்காத முகம், கூரிய காது, அளந்து பேசும் பேச்சு: இவையே ஸ்பொக்கின் அடையாளங்கள்.

கான் என்பவன் அட்மிரல் கேர்க் மீது பழைய பகை கொண்டவன். முன்பு கேர்க் அவனையும் அவன் கூட்டத்தாரையும் ஒரு கிரகத்தில் குடியேற்றி விட்டுச் சென்றான். அக்கிரகம் பாழ்பட்டது; கானின் மனைவி மாண்டாள். பழிவாங்கப் புறப்பட்ட கான், 'ஆதியாகமம்' எனப் பெயரிடப்பட்ட ஒரு கருவியைக் கைப்பற்றுகிறான். உயிரற்ற கிரகத்தை உயிருள்ளதாக மாற்றுவதற்கென ஆக்கப்பட்ட கருவி அது. ஏற்கெனவே உயிர் வாழும் இடத்தில் அதை இயக்கினாலோ, அங்குள்ள அனைத்தும் அழிந்துபோகும்.

இறுதிப் போரில் தோற்றுச் சாகும் தறுவாயில் கான் அக்கருவியை இயக்கிவிடுகிறான். வெடிப்பதற்கு நான்கு நிமிடங்களே உள்ளன. கேர்க்கின் விண்கப்பலான என்டர்பிறைஸ் தப்பியோட வேண்டும். ஆனால் அதன் பிரதான இயந்திரம் பழுதடைந்து கிடக்கிறது. கப்பலில் பயிற்சி பெறும் இளைஞர் பலர் இருக்கின்றனர். இயந்திரத்தைத் திருத்த வேண்டுமானால் கதிரியக்கம் நிறைந்த அறைக்குள் ஒருவர் செல்ல வேண்டும்.

ஸ்பொக் ஒருவரிடமும் சொல்லாமல் தன் ஆசனத்தை விட்டு எழுந்து செல்கிறான். எந்த மனிதனாலும் அக்கதிரியக்கத்தைத் தாங்க முடியாது என்று டொக்டர் மக்கோய் மறிக்கிறார். நான் மனிதன் அல்லன் என்று நீங்களே அடிக்கடி சொல்வீர்களே என்று ஸ்பொக் பதிலளிக்கிறான். பின்பு மக்கோயின் கழுத்து நரம்பை அழுத்தி அவரை மயக்கமுறச் செய்து, கையுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறான். இயந்திரம் இயங்குகிறது, கப்பல் தப்புகிறது. கேர்க் ஓடி வரும்போது ஸ்பொக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சாகும் நிலையில் இருக்கிறான். கதவைத் திறந்தால் கதிரியக்கம் வெளியே பரவும். ஆகவே நண்பனின் கையைப் பிடிக்கவும் முடியாது. பலரின் தேவை சிலரின் தேவையிலும் பெரிது, ஒருவரின் தேவையிலும் பெரிது என்ற பொருள்பட ஸ்பொக் பேசுகிறான். தான் என்றும் கேர்க்கின் நண்பனே என்று சொல்லி உயிர் விடுகிறான்.

2. எழும் மறுப்புகள்

இத்தியாகத்தை எதிர்த்துச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது மறுப்பு: ஸ்பொக் உள்ளே போகாவிட்டாலும் நான்கு நிமிடத்தில் கப்பலோடு சேர்ந்து இறந்திருப்பான். ஆகவே அவன் இழந்தது நான்கு நிமிடங்களே. இதைத் தியாகம் என்பது மிகை.

இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கப்பலில் இருந்த அனைவருக்கும் அதே நான்கு நிமிடங்களே இருந்தன. எழுந்து சென்றவன் ஒருவனே. வேறு யாராவது போய்த் திருத்தினால் தானும் பிழைக்கலாம் என்று அவன் காத்திருக்கவில்லை. தன் முயற்சி வெற்றி பெற்றால் மற்றவர்கள் வாழ்வார்கள், தான் மட்டும் மாள்வான் என்பதை அறிந்தே சென்றான். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை இயேசு பாராட்டியதை நினைவிற் கொள்ளுங்கள். போட்ட தொகையை அவர் பார்க்கவில்லை. அவளிடம் இருந்தது முழுவதும் அதுவே என்பதைப் பார்த்தார். ஸ்பொக்கிடம் எஞ்சியிருந்தது நான்கு நிமிடம். அதை முழுவதும் கொடுத்தான்.

இரண்டாவது மறுப்பு: சாவு நிச்சயம் என்று தெரிந்துகொண்டே உள்ளே போவது தற்கொலை அல்லவா? உயிர் இறைவனுடையது, அதை மாய்க்க நமக்கு உரிமை இல்லை என்றல்லவா திருச்சபை போதிக்கிறது?

இது கனமான கேள்வி. ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றை ஒருவன் நாடிச் செய்ய, மற்றது அவன் நாடாமலே நேரலாம் என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். இவ்விளக்கத்திலிருந்து ஒழுக்கவியலார் நான்கு நிபந்தனைகளை வகுத்துள்ளனர். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது. நல்ல விளைவையே நாட வேண்டும். தீய விளைவின் வழியாக நல்ல விளைவைப் பெறக்கூடாது. தீமையை ஏற்பதற்கு ஈடான பெரிய காரணம் இருக்க வேண்டும்.

இவற்றை ஸ்பொக்கின் செயலோடு பொருத்திப் பாருங்கள். இயந்திரத்தைத் திருத்துவது தீய செயல் அன்று. அவன் நாடியது கப்பலின் மீட்பை. கப்பலைக் காத்தது இயந்திரம் திருத்தப்பட்டதே. அவனுடைய மரணம் அன்று. காரணமோ பல உயிர்கள். இன்னுமோர் எளிய சோதனையும் உண்டு. ஸ்பொக் எப்படியோ உயிர் தப்பி வெளியே வந்திருந்தால் அவன் எண்ணம் தோல்வியடைந்திருக்குமா? இல்லை, எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். தற்கொலை செய்பவனுக்கோ உயிர் பிழைப்பதே தோல்வி. உள்ளே போகுமுன் ஸ்பொக் கையுறை அணிந்ததைக் கவனித்தீர்களா? சாவைத் தேடிப் போகிறவன் கையுறை தேடுவதில்லை.

மூன்றாவது மறுப்பு: ஸ்பொக் அன்பினால் இதைச் செய்யவில்லை. ஒருவன் சாவது பலர் சாவதிலும் நட்டம் குறைந்தது என்று கணக்குப் போட்டான். கணக்கைத் தியாகம் என்று புகழலாமா?

இதுவே இப்பாத்திரத்தின் புதிர். வருந்த வேண்டாம், இது தர்க்கத்துக்கு ஏற்றது என்று அவனே கேர்க்குக்குச் சொல்கிறான். ஆயினும் ஒன்றை யோசியுங்கள். கணக்கு வழியைக் காட்டும். நடப்பதற்குக் கால் வேண்டும். யாராவது ஒருவர் போக வேண்டும் என்பது கணக்கு. நான் போகிறேன் என்பது கணக்கில் அடங்காது. அத்தோடு அவன் கடைசியாகப் பேசியதும் எண்ணிக்கையைப் பற்றி அன்று, நட்பைப் பற்றியே. சாகும்போது கண்ணாடியில் அவன் விரித்து வைக்கும் கைச் சைகை, யூத குருக்கள் மக்களை ஆசீர்வதிக்கும்போது காட்டுவது. அதைத் தம் சிறு வயதில் பொஸ்டன் நகரச் செபக்கூடத்தில் கண்டு, பின்னர் இப்பாத்திரத்துக்குத் தாமே சேர்த்ததாக நிமோய் கூறியிருக்கிறார். ஆசீர்வதித்துக்கொண்டே சாகிறவனைக் கணக்கன் என்று மட்டும் சொல்லி விட முடியுமா?

3. கைப்பாஸ் போட்ட கணக்கு

பலருக்காக ஒருவன் என்ற கணக்கை நாம் வேதாகமத்திலும் காண்கிறோம். அருளப்பர் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். லாசர் உயிர் பெற்ற பின் சங்கம் கூடுகிறது. மக்கள் முழுவதும் அழிவதைவிட ஒருவர் சாவது நலம் என்று தலைமைக் குரு கைப்பாஸ் ஆலோசனை சொல்கிறார். எண்களை மட்டும் பார்த்தால் ஸ்பொக் சொன்னதும் கைப்பாஸ் சொன்னதும் ஒன்றே. அப்படியிருக்க ஒன்றைக் கேட்டு நாம் கண்ணீர் விடுகிறோம். மற்றதைக் கேட்டு நடுங்குகிறோம். ஏன்?

விலையைக் கொடுப்பவர் யார் என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. ஸ்பொக் அந்த 'ஒருவன்' என்ற இடத்தில் தன்னை வைத்தான். கைப்பாஸ் இன்னொருவரை வைத்தார். எண் மாறவில்லை, ஆள் மாறியவுடன் தியாகம் கொலையாகிவிட்டது.

4. கணக்கே இல்லாத தியாகம்

கற்பனையை விட்டு உண்மைக்கு வருவோம். 1941ஆம் ஆண்டு யூலை மாத முடிவில், அவுஷ்விட்ஸ் சிறை முகாமில் ஒரு கைதி காணாமற் போனமைக்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தெரிவு செய்தார்கள். அவர்களுள் ஒருவரான பிரான்சிஸ்செக் கயோவ்னிச்செக், மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அப்போது மக்சிமிலியன் கொல்பே என்னும் பிரான்சிஸ்கன் சபைக் குரு முன்னே வந்து, அவருக்குப் பதிலாகத் தாம் சாகக் கேட்டார். ஓகஸ்ட் 14ஆம் திகதி நச்சு ஊசி ஏற்றிக் கொல்லப்பட்டார். 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, ஸ்பொக்கின் படம் வெளியான அதே ஆண்டில், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். காப்பாற்றப்பட்ட அம்மனிதரும் அவ்விழாவில் பங்குபற்றினார்.

இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். சாகவிருந்தவர் பத்து, செத்தவரும் பத்து. தர்க்கத்தின்படி இலாபம் ஒன்றுமில்லை. ஸ்பொக்கைப் போல எப்படியும் சில நிமிடத்தில் சாகவிருந்தவர் என்றும் கொல்பேயைச் சொல்ல முடியாது. அவர் தெரிவு செய்யப்பட்டவரே அல்லர். ஒருவருக்காக ஒருவர் என்ற இந்த இடத்தில் கணக்கு வாய் மூடி நிற்கிறது. அன்பு மட்டுமே பேசுகிறது.

5. திருப்பிப் போடப்பட்ட கணக்கு

1984இல் வெளிவந்த அடுத்த படத்தை நிமோய் தாமே நெறிப்படுத்தினார். அதில் ஸ்பொக்கை மீட்பதற்காகக் கேர்க் தன் பதவியைப் பணயம் வைக்கிறான், கப்பலை இழக்கிறான், பெற்ற மகனையும் இழக்கிறான். ஏன் இவ்வளவும் செய்தாய் என்று ஸ்பொக் வினவும்போது, ஒருவனின் தேவை பலரின் தேவையிலும் பெரிதாயிற்று என்ற கருத்துப்படக் கேர்க் விடை சொல்கிறான்.

முதற் படம் சொன்னதை அடுத்த படம் மறுத்துவிட்டதா? அப்படித் தோன்றலாம், உண்மையில் இரண்டும் பொருந்தும். லூக்காஸ் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப் போகும் ஆயனும் கணக்குத் தெரியாதவன் அல்லன். என் உயிரைப் பற்றி நான் முடிவு செய்யும்போது பலரை எண்ண வேண்டும். பிறர் உயிரைப் பற்றி முடிவு செய்யும்போது அந்த ஒருவரையே எண்ண வேண்டும். ஸ்பொக் தன்னைப் பற்றி முடிவு செய்தான். கேர்க் ஸ்பொக்கைப் பற்றி முடிவு செய்தான். இருவரும் தத்தம் இடத்தில் நின்று சரியாகவே நடந்தார்கள்.

6. நமக்குரிய பாடம்

பெரிய தியாகம் திடீரென்று பிறப்பதில்லை. இப்படத்தின் தொடக்கத்தில் ஸ்பொக்கே அக்கப்பலின் தலைவன். ஆபத்து வந்ததும், உன்னால் இதை நன்றாக நடத்த முடியும் என்று சொல்லித் தலைமையைக் கேர்க்கிடம் மனமுவந்து ஒப்படைக்கிறான். ஆசனத்தைக் கொடுக்கத் தெரிந்தவனே பின்னர் உயிரைக் கொடுத்தான். வீட்டிலும் சங்கத்திலும் பங்கிலும் முதலிடத்தை விட்டுக்கொடுக்காத நாம், ஒருநாள் உயிரையே கொடுப்போம் என்று பேசுவது எப்படி?

மற்றொன்று: கஷ்டமெல்லாம் தியாகம் ஆகிவிடாது. தேவை உண்மையானதா, வேறு வழி இல்லையா, கொடுக்கப்படுவது என்னுடையதா என்று மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். குடும்ப நன்மைக்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் பெற்றோர், ஊர் நன்மைக்காக ஏழை ஒருவனின் காணியைக் கேட்கும் பெரியவர்கள், இலட்சியத்துக்காகப் பிறர் பிள்ளைகளை ஆபத்துக்கு அனுப்பும் தலைவர்கள் ஆகிய எல்லோரும் தியாகம் என்ற சொல்லையே பாவிக்கிறார்கள். அவர்கள் போடுவது ஸ்பொக்கின் கணக்கா, கைப்பாஸின் கணக்கா? விலையைக் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். விடை தானாகவே வெளிப்படும்.

கலந்துரையாடுவதற்கு

(1) மக்கோயை மயக்கிவிட்டு உள்ளே செல்ல ஸ்பொக்குக்கு உரிமை இருந்ததா? நேரம் போதாமை இதற்குத் தகுந்த நியாயம் ஆகுமா?

(2) உள்ளே போகும்படி ஸ்பொக்குக்குக் கேர்க் கட்டளையிட்டிருந்தால் அது சரியாகுமா? தலைவன் ஒருவன் பிறரை ஆபத்துக்குள் அனுப்புவது எப்போது நியாயம், எப்போது கைப்பாஸின் வழி?

(3) சிறு பிள்ளைகளின் தகப்பன் ஒருவன் ஸ்பொக்கின் இடத்தில் இருந்திருந்தால் அவனுடைய கடமை எது? கொல்பேயின் வரலாற்றை மனத்திற் கொண்டு ஆராய்க.

(4) உங்கள் குடும்பத்தில் எப்போதும் விட்டுக்கொடுக்கும் 'ஒருவர்' யார்? அவர் தாமாக விரும்பிக் கொடுக்கிறாரா, அல்லது மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்களா?