ஐ-131 படிவத்தையும் அதே உறையில் வையுங்கள்

அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு, அமெரிக்காவில் இருந்தபடியே க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? கணவர் தரும் உறவு மனுவான ஐ-130, க்ரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 படிவங்களை அனுப்பும் அன்றைக்கே ஐ-131 படிவத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் பரோல் கேட்கும் படிவம் அதுதான். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போய்த் திரும்பி வர அந்தத் தாள் வேண்டும். “இப்போதைக்குப் பயணம் எதுவும் இல்லையே, எதற்கு வீண் செலவு?” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்கள் வக்கீல் அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னார்கள். என் அப்பா அம்பாசமுத்திரத்தில் இறந்தபோது நான் ஒஹாயோவில் இருந்தேன். போக முடியவில்லை.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஏப்ரல் 1-க்கு முன்பு ஐ-485க்குக் கட்டும் பணத்திலேயே வேலை அனுமதியும் அட்வான்ஸ் பரோலும் அடங்கிவிடும். தனிக் கட்டணம் கிடையாது என்பதால் எல்லோரும் மூன்றையும் சேர்த்தே போட்டார்கள். அன்றிலிருந்து கணக்கு மாறிவிட்டது. நான் விண்ணப்பித்த 2025-இல் ஐ-485க்கு 1,440 டாலர், தாளில் அனுப்பும் ஐ-130க்கு 675, வேலை அனுமதிக்கான ஐ-765க்கு 260, ஐ-131க்கு 630. எல்லாவற்றையும் கூட்டினால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து, கோப்பைக் கவனித்துக்கொண்ட பெண் “இதை வேண்டுமானால் பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்றார். பிறகு போடலாம்தான், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் போட்டதும் கைக்கு வந்துவிடாது, மாதக்கணக்கில் ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. பயணம் இருக்கிறதா என்று கேட்டவர், ஊரில் வயதான பெற்றோர் இருக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தானே வக்கீலுக்குப் பணம் கொடுக்கிறோம்?

என்னைப் போல எஃப்-1 மாணவர் விசாவில் வந்து, படிப்பு முடித்து, ஓபிடி என்ற பயிற்சி வேலை அனுமதியில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர்களின் பேச்சை இந்த விஷயத்தில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். “நான் ஐ-485 போட்ட பிறகுதான் சென்னைக்குப் போய்விட்டு வந்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. எச்-1பி, எல்-1 விசாக்காரர்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது. செல்லுபடியாகும் விசாவும் அதே வேலையும் இருந்தால் அட்வான்ஸ் பரோல் இல்லாமலே திரும்பி வரலாம். எஃப்-1 அப்படியல்ல. படித்து முடித்து ஊருக்குத் திரும்புவேன் என்று சொல்லி வாங்கிய விசா அது. பரோல் இல்லாமல் விமானம் ஏறினால் ஐ-485 விண்ணப்பத்தை நாமே கைவிட்டதாகக் கணக்கு. ஐ-130 உயிரோடு இருக்கும். ஆனால் மீதி வழி முழுவதையும் இந்தியாவில் இருந்துகொண்டு, மும்பையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் வழியாகத்தான் கடக்க வேண்டும். அதுவரை கணவர் ஒரு நாட்டில், நாம் ஒரு நாட்டில்.

அவசரத்துக்கு ஒரு வழி இருப்பதும் பலருக்குத் தெரியாது. குடியேற்றத் துறையின் உதவி எண்ணை அழைத்து, உள்ளூர் அலுவலகத்தில் அவசரச் சந்திப்புக்கு நேரம் கேட்கலாம். நிரப்பிய ஐ-131, கட்டணம், புகைப்படங்கள், ஐ-485 ரசீது, அவசரத்துக்கான ஆதாரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றால் மருத்துவர் கடிதம், இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழ். என் அப்பாவுக்கு மாரடைப்பு. வீட்டிலேயே உயிர் போய்விட்டது. மருத்துவமனைத் தாள் என்று ஒன்றுமே இல்லை. அண்ணன் ஒருவன்தான் கொள்ளி வைக்கவும், வருகிறவர்களைக் கவனிக்கவும், நகராட்சிக்கு அலையவும் வேண்டியிருந்தது. சான்றிதழ் என் போனுக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுடைய சிகிச்சைச் சீட்டுகளின் படங்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

“பெத்த அப்பனுக்கே வரல, அவளுக்குக் கார்டு பெருசாப் போச்சு” என்று சொந்தத்தில் பேசினார்கள். இன்னும் பேசுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அன்று ராத்திரியே கிளம்பியிருந்தாலும் அப்பா முகத்தை நான் பார்த்திருக்க முடியாது. ஒஹாயோவிலிருந்து அம்பாசமுத்திரம் வந்து சேர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். நம் வீடுகளில் அவ்வளவு நேரம் வைத்திருப்பதில்லை. போயிருந்தால் வேலை போயிருக்கும், விண்ணப்பம் போயிருக்கும், கணவரோடு சேர்ந்து வாழ எப்போது திரும்புவேன் என்றே தெரிந்திருக்காது. என் அம்மா போனில் சொன்னது இதுதான்: “திரும்பிப் போவ முடியாதுன்னா வராண்டாம்ட்டி.” தாலியைக் கழற்றிய அன்றைக்கு அம்மா சொன்ன சொல் அது. அதற்கு மேல் எனக்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

மற்றதெல்லாம் பொறுமையாகச் செய்தால் முடிகிற வேலை. கோயிலில் தாலி கட்டியது போதாது, மாநிலச் சட்டப்படி பதிந்த திருமணச் சான்று வேண்டும். ஒஹாயோவில் அதற்கு உரிமம் தருவது கவுண்டியின் புரொபேட் நீதிமன்றம். சிவில் சர்ஜனிடம் செய்யும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையான ஐ-693, 2024 டிசம்பர் முதல் ஐ-485 உடனேயே போக வேண்டும். ஐ-864 படிவத்தில், கணவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருப்பதைக் காட்ட வேண்டும். 2025-இல் இரண்டு பேர் குடும்பத்துக்கு அது 26,437 டாலர். பிறப்புச் சான்றிதழை மட்டும் எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் பெயர் வைக்காமலே பதிந்துவிடுவார்கள், பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். நகராட்சியில் பெயர் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இன்ஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். தமிழில் மட்டும் உள்ள தாள்களுக்கு, மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டு உறுதி சொன்ன ஆங்கில மொழிபெயர்ப்பு போதும். நோட்டரி தேவையில்லை.

நேர்காணலுக்குப் பயப்பட எதுவும் இல்லை. எங்கே சந்தித்தீர்கள், வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள், கல்யாணத்துக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டார்கள். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஒத்திகை வேண்டாம். வீட்டு ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் வாரிசாக எழுதிய பெயர் ஆகியவைதான் அங்கே பேசும். கல்யாண ஆல்பம் அதற்கு அடுத்ததுதான்.

கல்யாணமாகி இரண்டு வருடம் முடியும் முன்பே ஒப்புதல் கிடைத்தால், கைக்கு வருவது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்கும் ஐ-751 படிவத்தை இருவரும் சேர்ந்து போட வேண்டும். தவறவிட்டால் அந்தஸ்தே போய்விடும். அதற்கான வங்கித் தாள்களையும் வரித் தாள்களையும் மாதாமாதம் ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன். பழைய வக்கீல் அலுவலகத்திலிருந்து, ஐ-751க்கும் எங்களையே அணுகுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. நானும் கணவரும் உட்கார்ந்து நாங்களே நிரப்பிக்கொள்கிறோம் என்று பதில் எழுதிவிட்டேன்.