ஒரு பெயர், நான்கு பெரியார்கள்



நமது சமுதாயத்தில் அப்துல் காதிர் என்னும் பெயர் வழங்காத குடும்பத்தைக் காண்பது அரிது. பாட்டனார் பெயராகவும், பேரன் பெயராகவும், கடைப் பலகையின் பெயராகவும் அது விளங்குகின்றது. ஆயினும் பக்தாதுப் பெரியாரின் வரலாற்றை நாகூருக்கும், நாகூர்ப் பெரியாரின் வரலாற்றைப் பக்தாதுக்கும் மாற்றிச் சொல்வோர் நம்மில் பலர். ஆகவே, அப்பெயர் தாங்கிய நால்வரை இப்பாடத்தில் பிரித்தறிவோம்.

பெயரின் பொருள்

'அப்து' என்றால் அடிமை. 'அல்-காதிர்' என்பது பேராற்றல் உடையவன் எனப் பொருள்படும் இறைவனின் திருநாமம். இரண்டும் சேர்ந்தால் 'ஆற்றல் மிக்கவனின் அடிமை' என்றாகும். ஜாலான் புசாரை அடுத்த டன்லப் வீதியில் 1907ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பெற்ற அப்துல் கபூர் பள்ளிவாசலின் பெயரும் இவ்வகையினதே. 'மன்னிப்பவனின் அடிமை' என்பது அதன் பொருள். அடிமை என்னும் பகுதியை விட்டுவிட்டு இறைவனின் திருநாமத்தை மட்டும் மனிதனுக்குச் சூட்டி அழைப்பதைத் தவிர்க்குமாறு ஆலிம்கள் அறிவுறுத்துவர்.

1. பக்தாது

முதல்வர், முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 470இல் ஜீலான் நாட்டில் பிறந்து, பக்தாதில் கல்வி கற்று, அங்கேயே போதித்து, ஹிஜ்ரி 561இல், அதாவது 1166இல், மறைந்தார்கள். காதிரிய்யா தரீக்கா அவர்கள் பெயரால் வழங்குவது. இளமையில் அவர்கள் பயணம் புறப்பட்டபோது, அன்னையார் நாற்பது தீனார்களைச் சட்டைக்குள் வைத்துத் தைத்து, 'பொய் பேசாதே' என்று வாக்குறுதி பெற்றார் என்றும், வழிமறித்த கொள்ளையரிடம் பணம் இருப்பதை அவர்கள் மறைக்காமல் சொன்னதால் கொள்ளையர் மனம் திருந்தினர் என்றும் வரலாறு கூறுவர். அப்பொழுது அவர்கள் ஆலிமும் அல்லர், ஷெய்கும் அல்லர். கைப்பொருளுடன் பயணம் போன ஓர் இளைஞரே.

2. நாகூர்

இரண்டாமவர், செய்யிது அப்துல் காதிர் ஷாகுல் ஹமீது (ரஹ்) அவர்கள். வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் தங்கி, அங்கேயே அடக்கமானவர்கள். ஜீலானி அவர்களின் வழித்தோன்றல் என்று போற்றப்படுபவர்கள்; எனினும் இருவருக்கும் இடையே ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் உண்டு. கடலோடிய நம் முன்னோர் அவர்கள் நினைவைச் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்தனர். தெலுக் ஆயர் வீதியில் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்ட நிலத்தில், 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா எழுந்தது. அது நினைவிடமேயன்றி அடக்கத்தலம் அன்று. 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற அக்கட்டடம், 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பெற்றது. நிலம் பெற்றவரின் பெயரிலும் 'காதர்' என்பது கலந்திருப்பதை நோக்குக.

3. கீழக்கரை

மூன்றாமவர் நம்மினத்தவர், வணிகர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர் அவர்களே தமிழ் நாவில் 'சீதக்காதி' ஆனார். கிழவன் சேதுபதியின் நன்மதிப்பைப் பெற்றவர். சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களைப் போற்றியவர். சீறாப்புராணம் பாட உமறுப் புலவரைத் தூண்டியவர் இவர். இவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் அப்பணியைப் புரந்தார். இறந்த பின்னும் கொடுத்தவர் எனப் பழமொழியே இவரைப் பற்றி வழங்குகின்றது. ஆட்சிக்கட்டிலில் அமராத இவருக்கு அழியாப் புகழைத் தந்தது கொடையே.

4. அல்ஜீரியா

நான்காமவர் அரசர். 1808இல் பிறந்த அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரி அவர்களின் தந்தையார் பெயர் முஹ்யித்தீன். காதிரிய்யா வழிப் பெரியார். தந்தையும் மகனும் பக்தாதுப் பெரியாரின் பெயரைப் பகிர்ந்துகொண்டதைக் காண்க. 1832இல் அமீராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, பதினைந்து ஆண்டுகள் பிரெஞ்சுப் படையை எதிர்த்தார். 1847இல் சரணடைந்தபோது கிழக்கு நாடொன்றுக்கு அனுப்புவதாக அளிக்கப்பட்ட வாக்கு மீறப்பட்டது. 1852 வரை பிரான்சில் சிறையிருந்தார். பின்னர் டமாஸ்கஸ் நகரில் குடியேறினார். 1860இல் அங்கே கலகம் மூண்டு கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோரைத் தம் பாதுகாப்பில் வைத்துக் காத்தார். கிறிஸ்தவ அரசொன்று தமக்கு வாக்குத் தவறியதை அவர் அப்பாவி அண்டை வீட்டார்மீது பழியாகச் சுமத்தவில்லை. 1883இல் அந்நகரிலேயே மறைந்தார்.

நமக்குரிய படிப்பினை

ஜீலானி, நாகூரி, அல்ஜஸாயிரி என்று பெயருடன் ஊரைச் சேர்த்துச் சொன்னால் குழப்பம் நீங்கும். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது ஊரையும் நூற்றாண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒருவர் செய்ததை மற்றவர்மேல் ஏற்றிச் சொல்வது, நல்லெண்ணத்தோடு சொன்னாலும், உண்மையாகாது.

வணிகருக்கு மற்றொன்றும் உண்டு. நால்வரும் வாய்மை, வழிகாட்டல், கொடை, அடைக்கலம் என்று வெவ்வேறு வழியில் ஒரே எசமானுக்கு அடிமைகளாய் நின்றனர். அப்பெயரைக் கடைப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே அளவில் குறைப்பதும், சரக்கின் குறையை மறைப்பதும், வேலையாளின் சம்பளத்தைத் தாமதிப்பதும் அப்பெயருக்கே இழுக்கு. பெயரை முழுமையாக எழுதுவோம். அதற்கேற்பக் கணக்கையும் நேராக எழுதுவோம். வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக, ஆமீன்.